யாரைப் பார்த்து அளக்கிறார்கள் நம் பிள்ளைகள்?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘மாணவர் நலவாழ்வு’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவோம் என்பது உங்களுக்கே தெரியும். இரும்புச்சத்து மாத்திரை, கை கழுவுதல், கண் பரிசோதனை, காலை உணவு. எல்லாம் வேண்டியவைதான். 2022-இல் காலை உணவுத் திட்டம் வந்ததைப் பற்றித் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் இன்று எடுத்துக்கொள்வது வேறு ஒரு சிறிய பகுதி. வயிறு நிறைந்து, காய்ச்சல் இருமல் இல்லாமல், சீருடை போட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை, ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றோ, ‘எனக்கு எதுவுமே சரியில்லை’ என்றோ எதை வைத்து முடிவு செய்கிறது?

ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தியா உட்படப் பல நாட்டு மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, 1965-இல் அதை நூலாக வெளியிட்டார். கேள்வி எளிமையானது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் 0, உச்சியில் 10. உச்சிப்படி என்பது உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி என்பது மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவது இந்தக் கேள்வியை வைத்துத்தான். ‘பின்லாந்து முதலிடம்’ என்று நாளிதழில் படிக்கிறோமே, அது இந்த ஏணியிலிருந்து வருவது.

நாளிதழில் எண் மட்டும்தான் வரும். கேன்ட்ரில் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உச்சியில் என்ன இருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பதில் சொல்பவரே தம் வாயால் சொல்ல வேண்டும். ஏணியை ஆய்வாளர் கொடுத்தார். உச்சியை அவரவர் வைத்துக்கொண்டார்கள்.

9-ஆம் வகுப்பில் பொருளியலில் மேம்பாடு பற்றிய பாடம் வருமல்லவா, அப்போது இதை வகுப்பில் செய்து பார்த்தேன். பெயர் எழுத வேண்டாம், ஏணியை வரைந்து உச்சியில் என்ன என்று மட்டும் எழுதுங்கள், பிறகு நீங்கள் நிற்கும் படியில் ஒரு புள்ளி வையுங்கள் என்றேன். கோவளம் பகுதிப் பிள்ளைகள். பாதிக்கு மேல் கடலோரக் குடும்பம். ஒரு தாளில் உச்சியில் ‘எங்க அப்பாவுக்குச் சொந்தமா போட்டு’ என்று இருந்தது, புள்ளி 6-இல். இன்னொன்றில் ‘ஈசிஆர்ல நீச்சல் குளம் வச்ச பங்களா, கார் ரெண்டு’, புள்ளி 2-இல். ஒரு தாளில் ‘வாடகை கேட்டு யாரும் வராத வீடு’. ஒன்றில் உச்சியில் எதுவுமே எழுதவில்லை, புள்ளி மட்டும் 10-இல் இருந்தது. விளையாட்டா, உண்மையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

6 போட்ட வீட்டுக்கும் 2 போட்ட வீட்டுக்கும் வருமானத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு தந்தையரும் ஒரே கடலுக்குப் போகிறவர்கள். ஒரே ஏலத்தில் மீன் போடுகிறவர்கள். ஒரு பிள்ளை அடுத்த வீட்டுப் படகைப் பார்த்து அளந்தது. மற்றொன்று சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மதில் சுவரைப் பார்த்து அளந்தது. அந்த மதிலுக்குள் என்ன இருக்கிறது என்று அது நேரில் பார்த்திருக்காது. கைப்பேசியில் பார்த்திருக்கும்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடம் சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது, 1949-இல் வெளியானது. வான்படைப் பிரிவில் பதவி உயர்வு வேகமாகக் கிடைத்தது. இராணுவக் காவல் பிரிவில் மிக அரிது. பதவி உயர்வு முறை பற்றி அதிகமாகக் குறைபட்டுக்கொண்டவர்கள் யார் தெரியுமா? வான்படைக்காரர்கள். பக்கத்தில் இருந்தவனுக்கெல்லாம் கிடைத்துவிட்டது, எனக்கு மட்டும் இல்லையே என்ற கணக்கு. காவல் பிரிவில் பெரும்பாலோருக்குக் கிடைக்காததால் அவ்வளவு வருத்தம் இல்லை. பதவி உயர்வுக் கலந்தாய்வுக்குப் போய்வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. (சிரிப்பு)

1974-இல் ரிச்சர்டு ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளர் இதையே ஒரு நாட்டின் அளவில் காட்டினார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆண்டுகள் போகப் போக நாடு முழுவதும் பணம் பெருகினால், அதே அளவுக்கு எல்லோருடைய மகிழ்ச்சியும் பெருகுவதில்லை. எல்லோருக்கும் சேர்ந்து உயரும்போது உச்சிப்படியும் கூடவே உயர்ந்துவிடுகிறது. இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. நம் வகுப்பறைக்கு இது போதும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வெளியிலிருந்து மாறுதலில் வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே கோவளம். ஒரு பக்கம் மீனவர் குப்பம், கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா. பழைய கோட்டை இருந்த பக்கத்தில் 1970-களிலேயே வந்துவிட்ட நட்சத்திர விடுதி. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. மேற்கே கேளம்பாக்கம் தாண்டினால் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்கா. இவ்வளவும் சில கிலோமீட்டருக்குள். வலை பொத்திக்கொண்டிருக்கும் தாத்தாவைக் கடந்து, அலைச்சறுக்குப் பலகை சுமந்துபோகும் வெள்ளைக்காரரைக் கடந்து, மென்பொருள் நிறுவனப் பேருந்துக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் நம் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. அதன் தாத்தா சிறுவனாக இருந்தபோது பார்த்ததெல்லாம் பக்கத்துக் கட்டுமரத்தை.

டெப்ராஜ் ரே என்ற பொருளியலாளர் இதற்கு ஒரு நல்ல உருவகம் வைத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு சன்னல் இருக்கிறது. அதன் வழியாகத் தெரிகிறவர்களைப் பார்த்துத்தான் ஒருவர் ஆசைப்படுகிறார் என்கிறார். சன்னல் வழியே தெரிகிறவர்கள் எல்லோரும் நம்மைப் போலவே இருந்தால், முயன்று ஆகப்போவது எதுவும் இல்லை என்று தோன்றும். தெரிகிறவர்கள் எட்டவே முடியாத உயரத்தில் இருந்தாலும் அதே கதைதான். முயற்சி செய்து என்ன ஆகிவிடப்போகிறது? இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் முன்னே போய்க்கொண்டிருக்கிற ஆள் கண்ணில் பட்டால்தான் கால் நகரும்.

கோவளத்துப் பிள்ளையின் சன்னலில் என்ன சிக்கல் என்றால், அடியும் தெரிகிறது, உச்சியும் தெரிகிறது, நடுப்படிகள் தெரிவதில்லை. சிறுசேரிப் பேருந்துக்குள் இருப்பவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஊர்க்காரர், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று யாரும் சொல்வதில்லை. பேருந்தின் கண்ணாடி கறுப்பு.

இந்த இடத்தில் அர்ஜுன் அப்பாதுரை என்ற மானிடவியலாளர் 2004-இல் எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. மும்பைக் குடிசைப் பகுதி மக்களோடு பழகி அவர் எழுதினார். ஏழைகளுக்கு ஆசை குறைவு என்பது பொய். ஆசையிலிருந்து அதை அடையும் வழிக்குப் போகிற பழக்கம்தான் அவர்களுக்குக் குறைவாக வாய்க்கிறது. வசதியான வீட்டில் இந்தப் பயிற்சி சாப்பாட்டு நேரத்திலேயே நடந்துவிடும். ‘டாக்டராகணும்’ என்று பிள்ளை சொன்னால், எந்தப் பிரிவு எடுக்க வேண்டும், எந்தத் தேர்வு, எத்தனை ஆண்டு, மாமா பெண் எங்கே படிக்கிறாள் என்று பேச்சு போகும். நம் பிள்ளை ‘டாக்டராகணும்’ என்றால் வீட்டில் மகிழ்ச்சியாகத் தலையைத் தடவுவார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆசை பெரிதாக இருக்கிறது, படி தெரியவில்லை என்றால் அது நாள்பட்ட வேதனை. பத்தாம் வகுப்பு வந்ததும் அந்தப் பிள்ளையே ‘சும்மா சொன்னேன் டீச்சர்’ என்று சிரிக்கும். அந்தச் சிரிப்பைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

‘பெரிதாகக் கனவு காணுங்கள்’ என்று ஆண்டுவிழாவில் பேசுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்கள் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஜூலை மாதம் அந்தக் கனவோடு வகுப்பில் இருப்பது நாம்.

அலைச்சறுக்கு பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கோவளத்தைப் பற்றிப் பேச முடியாது. மூர்த்தி மேகவன் இந்த ஊர் மீனவர். சிறுவனாக இருந்தபோதே உடைந்த பலகையில் அலை ஏறிப் பழகியவர் என்று சொல்வார்கள். 2012-இல் அருண் வாசுவோடு சேர்ந்து இங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து அலைச்சறுக்குத் திருவிழா நடந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். புகை, குடி, போதை கூடாது என்பது மூர்த்தி பிள்ளைகளுக்கு வைத்த கட்டளை. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதல்முறையாகச் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நம் மாமல்லபுரத்திலேயே நடந்து, ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். அவரும் கோவளத்துக்காரர்தான், ஆனால் அது கேரளத்துக் கோவளம். எங்கள் பிள்ளைகள் ‘நம்மூர் ஆளு’ என்று கொண்டாடினார்கள். நான் திருத்தவில்லை, புவியியல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இதில் நான் கவனித்தது பணத்தை அல்ல. கடற்கரைப் பையனுக்கு அலை தெரியும். எந்த அலை உடையும், எது தூக்கிக்கொண்டு போகும், வாடைக்காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் வன்னியா தெண்டியா என்பதெல்லாம் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பள்ளியில் இந்த அறிவுக்கு மதிப்பெண் கிடையாது. ‘கடலுக்குப் போயிட்டான்’ என்றால் வருகைப் பதிவேட்டில் ஒரு ‘வ’ விழும், அவ்வளவுதான். இதே அறிவைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் சிறுசேரி மென்பொருள் பொறியாளர் காசு கட்டிக்கொண்டு வந்து, குப்பத்துப் பையன் முன்னால் பலகையோடு நின்றார். ‘அண்ணா, இப்ப எழுந்திருக்கலாமா?’ என்று இருபத்திரண்டு வயதுப் பையனை முப்பது வயதுக்காரர் கேட்பதைக் கரையிலிருந்து பத்துப் பதினைந்து சிறுவர்கள் பார்த்தார்கள். அந்தக் காட்சி பிள்ளைகளின் ஏணியை எப்படி மாற்றியிருக்கும்? வீட்டில் அரிசி அதே அரிசிதான். கடனும் அதே கடன்தான். ஆனால் தான் யார் என்று அளக்கும் கோல் ஓரளவு மாறியது. வகுப்பில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்; இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது.

இதைச் சொல்லி நான் அலைச்சறுக்குக்கு விளம்பரம் செய்வதாக நினைக்க வேண்டாம். அந்த ஏணியில் இருக்கும் படிகள் மிகக் குறைவு. ஒரு கடற்கரைக்கு எத்தனை பயிற்சியாளர்கள் தேவைப்படும்? பெண் பிள்ளைகள் அதில் எத்தனை பேர்? சனி ஞாயிறில் சுற்றுலாப் பயணிகளுக்கு உதவிக் கையில் காசு பார்த்த 9-ஆம் வகுப்புப் பையனுக்குத் திங்கட்கிழமை இயற்கணிதம் எப்படித் தெரியும் என்பது இங்கே இருக்கும் கணித ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பிறகு, கடல் அறிவைப் பற்றி ஒரு மீனவரை வகுப்பில் பேச வைக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். பலருக்கும் பிடித்தது. ஓர் அம்மா மட்டும் எழுந்து நின்றார். மீன் விற்கிறவர்.

“டீச்சர், கடலுக்குப் போறது பெருமைன்னு எம்புள்ளைக்குச் சொல்லாதீங்க. அவன் அங்க போவக்கூடாதுன்னுதான் இங்க அனுப்பறேன்.”

அவருடைய அண்ணன் கடலில் போனவர். 2004 டிசம்பர் 26 அந்தத் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்து, கூறு கட்டி, வெயிலில் உட்கார்ந்து விற்று, வட்டி கட்டுகிற ஒருவர் தன் மகன் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? அவருடைய ஏணியின் உச்சியில் இருப்பது ‘மகன் கரையில் இருக்க வேண்டும்’ என்பது. மிக நியாயமான உச்சி.

ஆனால் அந்தப் பையனின் காதில் தினமும் விழுவது என்ன? ‘படிக்கலைன்னா அப்பா மாதிரிதான் ஆவ.’ நாமும் இதைச் சொல்கிறோம், வகுப்பறையில், சாதாரணமாக. படிப்பில் முன்னேற வேண்டும் என்றால் அப்பாவைப் பார்த்து முகம் சுளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிடுகிறது. படிப்பு வந்துவிட்டால் சரி. வராவிட்டால்? பத்தாம் வகுப்பில் தவறிவிட்டால்? அப்போது அவன் அப்பாவோடு படகு ஏறுவான். இத்தனை ஆண்டுகள் நாம் தோல்வி என்று சொல்லிக்கொடுத்த இடத்தில் போய் நிற்பான். அவனுடைய ஏணியில் அது 0. ஒரு மனிதன் பதினாறு வயதில் தன்னை 0-இல் வைத்துக்கொண்டு அடுத்த நாற்பது ஆண்டுகள் எப்படி வாழ்வான்? மாலையில் மணலில் உட்கார்ந்து குடிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். அவன் கடலுக்குப் போக வேண்டாம் அக்கா, நானும் அதற்குத்தான் பாடம் நடத்துகிறேன். ஆனால் அப்பா பேரைச் சொல்ல அவன் கூச்சப்படாமல் இருக்கணும். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “பேச்சு மட்டும்தானே?” என்றார். பேச்சு மட்டும்தான் என்றேன். மீனவர் ஒருவர் வந்து ஒரு பாடவேளை பேசினார். 2004-க்குப் பிறகு கட்டுமரம் போய் பைபர் போட்டு பெருகியதால் என்ன மாறியது என்று அவர் சொன்னதை என்னால் எந்தப் புத்தகத்திலிருந்தும் சொல்லியிருக்க முடியாது. அந்த அம்மா வரவில்லை. மகன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘கூலி’ என்று எழுதிவிட்டு விரலால் மறைப்பார்கள். சிலர் ‘பிசினஸ்’ என்பார்கள். படிவத்தை நம்மால் மாற்ற முடியாது. வகுப்பில் வேறு கேள்வி கேட்கலாம்: உங்கள் வீட்டில் யாருக்கு என்னவெல்லாம் தெரியும்? என் வகுப்பில் கிடைத்த பதில்களில் படகு என்ஜின் பழுது பார்ப்பது, பிரசவம் பார்ப்பது, மனக்கணக்கில் வட்டி போடுவது, அரபி எழுத்துக் கூட்டிப் படிப்பது எல்லாம் இருந்தன. அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். யாரும் விரலால் மறைக்கவில்லை.

இருளர் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் நம்மில் பலருடைய வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். கடைசி வரிசையில் இருப்பார்கள், அடிக்கடி வரமாட்டார்கள், ஒருநாள் வராமலே போய்விடுவார்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இங்கே வடநெம்மேலியில்தான் இருக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சு அங்கிருந்து போகிறது. இந்த மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் அழைத்தது. அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிப்பதற்காக. முதல் 8 நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது.

இந்தச் செய்தியை எத்தனை வகுப்பறைகளில் வாசித்தோம்? ‘பாம்புக்காரன்’ என்பது நம் பிள்ளைகள் கூப்பிடும் கேலிப்பெயர். வகுப்பில் இந்தச் செய்தியைப் படமும் வரைபடமுமாக நடத்திய அன்று, பிள்ளைகள் ஓர் இருளர் மாணவனிடம் திரும்பி ‘கட்டுவிரியனுக்கும் கண்ணாடிவிரியனுக்கும் என்னடா வித்தியாசம்?’ என்று கேட்டார்கள். அவன் எழுந்து நின்று பதில் சொன்னான். அவன் பாம்பு பிடிக்கத்தான் போக வேண்டும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவன் என்னவாக வேண்டுமானாலும் ஆகட்டும். மறுவாரம் மதிய உணவுக்கு அவன் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நலவாழ்வு என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்தி. ஒரு பிள்ளைக்கு ஏணியின் படியைவிடப் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது சில நாட்களில் பெரிதாக இருக்கும்.

தரவரிசைக்கு வருகிறேன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பரிசு வாங்கியவர்களின் முகத்தைக் காணொளியில் ஆராய்ந்தவர்கள் உண்டு. வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்கள் மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் தங்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெண்கலக்காரர், நல்லவேளை நாலாவதாக வரவில்லை என்று நினைக்கிறார். இரண்டாம் இடம் வந்த பெண் அழுது, எட்டாம் இடம் வந்தவள் தேற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதைவிட முக்கியமானது ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு. சின்னக் குளத்துப் பெரிய மீன் என்பது அதற்கு வைத்த பெயர். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகள். ஒன்று சாதாரணப் பள்ளியில், மற்றொன்று கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில். தான் நன்றாகப் படிக்கிறவன் என்ற எண்ணம் முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் இருக்கும். பிறகு வேறு பல நாடுகளிலும் இதையே பார்த்தார்கள்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களே, இது உங்களுக்காக. 8-ஆம் வகுப்பு வரை உங்கள் பள்ளியில் முதலிடத்தில் இருந்த பிள்ளை, ஜூன் மாதம் எங்களிடம் பெரிய பள்ளிக்கு வருகிறது. காலாண்டுத் தேர்வில் நாற்பதில் பதினைந்தாம் இடம். அதன் அறிவு ஒரு துளியும் குறையவில்லை, குளம் மாறிவிட்டது. அதற்கு அது தெரியாது. ‘எனக்குப் படிப்பு வரலை டீச்சர்’ என்று சொல்லும். வீட்டிலும் அப்படியே நம்பிவிடுவார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் பேச்சு வேறு திசையில் போகும். நீங்கள் மே மாதத்திலேயே அந்தப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் போதும்: அங்கே போனால் உன் இடம் இறங்கும், எல்லோருக்கும் இறங்கும், இரண்டு பருவம் பொறுத்துக்கொள். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்கிறது.

கல்லூரிக்கும் இதுவேதான். 2020-இல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எத்தனையோ பெண்கள் கல்லூரியில் இருக்கிறார்கள். சேர்க்கை நாளன்று நாம் படம் எடுத்துப் போடுகிறோம். நவம்பரில் ஒரு தொலைபேசி வரும். “எல்லாரும் இங்கிலீஷ்ல பேசறாங்க டீச்சர். நான் மட்டும்தான் இங்க ஒண்ணும் தெரியாதவ.” அப்படி ஒரு முன்னாள் மாணவி என்னைக் கூப்பிட்டாள். நீ கெட்டிக்காரி, தைரியமாக இரு என்று சொல்லலாம். அது இரண்டு நாள் தாங்கும். நான் அவளிடம் ஒரு வேலை கொடுத்தேன். உன் கல்லூரியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த மூத்த மாணவிகள் இரண்டு பேரைக் கண்டுபிடி, அவர்கள் முதல் பருவத்தில் எப்படி இருந்தார்கள் என்று கேட்டுவிட்டு எனக்குச் சொல். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டாள். “அந்த அக்கா ரெண்டு அரியர் வச்சிருந்தாங்களாம் டீச்சர், இப்ப நல்லாப் படிக்கறாங்க.” குரலே வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு ஒரு நடுப்படி தெரிந்துவிட்டது.

நடுப்படிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மேற்கு வங்கத்தில் பிர்பூம் மாவட்டம். ஊராட்சித் தலைவர் பதவியில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊருக்கு என்பது குலுக்கல் போல அமைந்தது. எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 495 ஊர்களில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். மகனுக்கு ஓர் ஆசை, மகளுக்கு அதைவிடச் சிறிய ஆசை என்று பெற்றோர் வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த இடைவெளி, இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவரைக் கண்ட ஊர்களில் குறைந்தது. வளரிளம் பருவப் பிள்ளைகளிடம் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்தது. படிப்பில் ஆண் பெண் இடைவெளியே மறைந்துவிட்டது. பெண்களுக்கு அந்த ஊரில் புதிதாக வேலைவாய்ப்பு எதுவும் பெருகிவிடவில்லை. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் பார்த்தார்கள், அதுவும் பல ஆண்டுகள் பார்த்தார்கள். பார்வையாளராக வந்த தலைவி இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சண்டை போடக்கூடிய தூரத்தில் இருந்த தலைவி.

அதனால்தான் நான் பெரிய விருந்தினர்களைத் தேடுவதை விட்டுவிட்டேன். ‘நான் முதல்வன்’ வழிகாட்டிப் பாடவேளைகளில் எங்கள் பள்ளியிலேயே படித்து, ஏழெட்டு ஆண்டுகள் முன்னே போயிருப்பவர்களைக் கூப்பிடுகிறேன். செவிலியர் ஒருவர் வந்தார். படகு என்ஜின் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர் வந்தார். அவரிடம்தான் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்டார்கள்: கடைக்கு அட்வான்ஸ் எவ்வளவு, முதல் மாதம் நட்டம் வந்ததா, ஐடிஐயில் எந்தப் பிரிவு? சிறுசேரி நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து, தான் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னாள். அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்த மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வருகிறவர்களிடம் நான் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தவறிய பாடம், கட்ட முடியாமல் போன கட்டணம், வீட்டில் நடந்த சண்டை, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம். பெரும்பாலும் கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் ஒழுக்கம் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டார். ஆசிரியர் ஆகியிருக்க வேண்டியவர்.

இப்போது என் பட்டியலில் பதினோரு பேர் இருக்கிறார்கள். அதில் பெண்கள் மூன்று பேர். இருளர் ஒருவர்கூட இல்லை. உங்கள் பள்ளியில் படித்தவர்களில் இருபத்தைந்து வயதுக்குள், இந்தப் பக்கத்திலேயே வேலை செய்கிறவர்கள் யாராவது இருப்பார்கள். என்ன வேலையானாலும் சரி. தேநீர் இடைவேளையில் பெயரையும் எண்ணையும் சொல்லுங்கள், நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.